சந்தேகத்தின் பலன் யாருக்கு?

இந்தியப் படைகளில் சேரும் ஒவ்வொருவரும், சீருடை அணிவதற்கு முன்பே அரசின் மருத்துவர்களால் தலைமுதல் கால்வரை சோதிக்கப்பட்டு, கண்பார்வை, செவித்திறன், மூட்டுகளின் அசைவு என அனைத்தும் பதிவேட்டில் ஏறிய பின்னரே பணிக்குத் தகுதியானவர் என்று ஏற்கப்படுகிறார். பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து அதே மனிதர் நோயுற்றோ காயமுற்றோ விடுவிக்கப்படும்போது அவரைச் சோதிப்பதும் அரசின் மருத்துவர்களே. இவ்விரு சோதனைகளுக்கும் இடையில் அவர் உடலுக்கு நேர்ந்ததற்குப் படைப்பணி காரணமா என்ற கேள்விக்கு மருத்துவ வாரியம் எழுதும் ஒற்றை வரி விடையில்தான், அவருக்கு வாழ்நாள் முழுவதும் வரவேண்டிய ஊன ஓய்வூதியம் அடங்கியிருக்கிறது.

ஊன ஓய்வூதியம் என்பது இரண்டு கூறுகளைக் கொண்டது. பணியாற்றிய காலத்துக்கு உரியது பணிக்கூறு. உடலிழப்புக்கு ஈடாக அதனுடன் சேர்வது ஊனக்கூறு. நூறு விழுக்காடு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு என்றும், அதற்குக் குறைந்த ஊனத்துக்கு அந்த அளவில் குறைத்தும் ஊனக்கூறு கணக்கிடப்படுகிறது. கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய் பெற்றவருக்கு நூறு விழுக்காடு ஊனத்தில் மாதம் 12,000 ரூபாய் சேரும். 20 விழுக்காடு என்றால் 2,400 ரூபாய். போர்க்களத்தில் ஏற்பட்ட காயத்துக்கு இதைவிட உயர்ந்த விகிதத்தில் தனி ஓய்வூதியம் உண்டு. குண்டடியின் காரணம் எது என்று எவரும் கேட்பதில்லையாதலால் அதில் வழக்கும் குறைவு. வழக்குகள் மண்டிக்கிடப்பது மற்றக் காயங்களிலும் நோய்களிலும்தான்: வலிப்பு, மனச்சிதைவு, இதய நோய், இரத்த அழுத்தம், பயிற்சியில் முறிந்த முதுகு, விடுப்பில் ஊர் திரும்பும் வழியில் நேர்ந்த விபத்து.

இத்தகையவர்களுக்கு ஊனக்கூறு கிடைக்க, ஊனம் குறைந்தது 20 விழுக்காடு இருக்க வேண்டும் என்பதோடு, அது படைப்பணியால் விளைந்ததாகவோ, முன்பே இருந்து படைப்பணியால் முற்றியதாகவோ இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டும் இல்லை என்று வாரியம் எழுதிவிட்டால் ஊனக்கூறு இல்லை. பிறவிக்கூறு சார்ந்த நோய் என்றும், பீஸ் ஏரியாவில், அதாவது போர்ச்சூழல் இல்லாத முகாமில் இருந்தபோது தொடங்கியது என்றும் சில சொற்களில் முடிந்துவிடும் காரணங்களே இந்த மறுப்புகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. பனிமலைக் காவலில் மாதக்கணக்கில் உறக்கம் கெட்ட ஒருவருக்கு, சமவெளி முகாமுக்கு வந்த பிறகு முதல் வலிப்பு வந்தால், நோய் சமவெளியில் பிறந்ததாகக் குறிக்கப்படுவது மருத்துவம் அல்ல. அது நாள்காட்டியைப் பார்த்து எழுதும் கணக்கு.

இதில் வேதனைக்குரியது, விதியே இதற்கு நேர்மாறாக இருந்தது என்பதாகும். 1982ஆம் ஆண்டின் தகுதி விதிகளின்படி, பணியில் சேரும்போது எந்தக் குறையும் குறிக்கப்படாதவர் நல்ல உடல்நலத்துடன் இருந்தார் என்றே கொள்ள வேண்டும். பின்னர் மருத்துவக் காரணத்தால் அவர் விடுவிக்கப்பட்டால், அந்தச் சீர்கேடு பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும். மெய்ப்பிக்கும் பொறுப்பு வீரருடையது அல்ல என்றும், நியாயமான சந்தேகத்தின் பலன் அவருக்கே சேர வேண்டும் என்றும், களப்பணியில் இருந்தவருக்கு அது மேலும் தாராளமாகத் தரப்பட வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறின. அலுவலக நடைமுறை இவற்றைத் தலைகீழாக்கி, கையில் ஆவணம் எதுவும் இல்லாத சிப்பாயிடம் ஆதாரம் கேட்டது.

2013 ஜூலையில், சிக்னல்ஸ் பிரிவில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பணியாற்றி, வலிப்பு நோயால் 20 விழுக்காடு ஊனத்துடன் வெளியேற்றப்பட்ட ஒரு வீரரின் வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டி, காரணம் கூறாத மருத்துவக் கருத்து செல்லாது என்று தீர்ப்பளித்தது. அவர் வெளியேற்றப்பட்டது 1994இல். தீர்ப்பு வந்தது 19 ஆண்டுகள் கழித்து. 2014 டிசம்பரில், அரசு தொடுத்திருந்த நூற்றுக்கணக்கான மேல்முறையீடுகளை ஒருசேரத் தள்ளுபடி செய்து, ஊன விழுக்காட்டை 50, 75, 100 என மேல்நோக்கி முழுமையாக்கும் சலுகை, பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றவர்களுக்கும் உண்டு என்று அதே நீதிமன்றம் முடிவுசெய்தது. முன்சொன்ன கணக்கில் 2,400 ரூபாய் பெறுபவருக்கு இதனால் 6,000 ரூபாய் கிடைக்கும். இந்த வேறுபாட்டைத் தராமல் இருப்பதற்காக, டெல்லி வழக்கறிஞர் எவரையும் அறியாத சிப்பாய்களை அரசு உச்ச நீதிமன்றம்வரை இழுத்துச் சென்றது என்பது எந்த விளக்கத்தாலும் நேர்செய்ய முடியாத செயல். பாதுகாப்பு அமைச்சகமே 2015இல் அமைத்த நிபுணர் குழுவும், ஊனமுற்ற வீரர்களுக்கு எதிரான இத்தகைய மேல்முறையீடுகளைக் கண்டித்தது. ஆயினும் 2025இலும், காரணம் எழுதாத மருத்துவ வாரிய அறிக்கை ஏற்கத்தக்கதல்ல என்பதை உச்ச நீதிமன்றம் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது.

அரசுத் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. ஓய்வுபெறும் அதிகாரிகளிடையே ஊன ஓய்வூதியம் பெறுவோரின் விகிதம் சிப்பாய்களிடையே உள்ளதைவிட மிகுந்திருப்பதையும், அதில் வாழ்க்கைமுறை நோய்களுக்குக் கணிசமான பங்கு இருப்பதையும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சுட்டியிருக்கிறார். 2023 செப்டம்பரில் வெளியான புதிய தகுதி விதிகள் இந்த அச்சத்தில் பிறந்தவை. நோயுடனேயே பணியைத் தொடர்ந்து ஓய்வுபெறுவோருக்கு ஊன ஓய்வூதியம் என்ற பெயருக்கு மாற்றாகக் குறைபாட்டு நிவாரணம் என்ற புதிய வகையை அவை உருவாக்கின. தவறாகப் பெறுபவர்களைத் தடுக்க வேண்டியதில் ஐயமில்லை. ஆனால் விதி இறுகும்போது, செல்வாக்குள்ள அதிகாரி மேல்முறையீட்டு வாரியத்தை அணுகும் வழியை அறிந்திருக்கிறார். சிவகங்கையிலோ வேலூரிலோ உள்ள ஒரு நாயக், மறுப்புக் கடிதத்தின் ஆங்கிலத்தைப் படித்துக்காட்ட ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குச் சென்னையில் ஓர் அமர்வு இருப்பது அவருக்குள்ள ஒரு வாய்ப்பு.

மருத்துவ உதவியில் நிலைமை கலவையானது. புனேயில் 1944 முதல் இயங்கும் செயற்கை உறுப்பு மையமும், கிர்க்கியிலும் மொகாலியிலும் முதுகுத்தண்டு பாதித்தோருக்கான மறுவாழ்வு இல்லங்களும் மதிப்பிற்குரிய பணி செய்கின்றன. 2003இல் தொடங்கிய முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம், தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிச் சிகிச்சை பெற வழிவகுத்தது; ஆனால் அரசின் நிலுவை ஏறும்போது மருத்துவமனைகள் அட்டையை ஏற்கத் தயங்குகின்றன.

இத்திட்டத்தின் கதவு யாருக்குத் திறக்கிறது என்பதே இன்றைய கேள்வி. பயிற்சிக் கழகங்களில் காயமுற்று வெளியேற்றப்பட்ட அதிகாரிப் பயிற்சியாளர்கள், இன்னும் அதிகாரியாகவில்லை என்ற காரணத்தால் முன்னாள் படைவீரர் என்ற தகுதியைப் பெறாமல், சொற்பக் கருணைத்தொகையில் வாழ்ந்தனர். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து இதை விசாரணைக்கு எடுத்த பின்னரே மருத்துவத் திட்டம் அவர்களுக்கு நீட்டிக்கப்பட்டது. 2022 முதல் நான்காண்டுப் பணிக்குச் சேர்க்கப்படும் அக்னிவீரர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை. இந்த மருத்துவத் திட்டமும் இல்லை. படைப்பணியால் ஊனமுற்றால், நான்காண்டுக்கு எஞ்சிய சம்பளத்தோடு, ஊனம் 100, 75, 50 விழுக்காடு என்பதற்கேற்ப 44, 25, 15 லட்சம் ரூபாய் ஒரே தொகையாகக் கிடைக்கும். அதைத் தீர்மானிப்பதும் மருத்துவ வாரியத்தின் அதே ஒற்றை வரிதான். ஓய்வூதியம் என்றால் விலைவாசியோடு அகவிலைப்படி ஏறும். ஒருமுறை தரும் தொகைக்கு அந்த வளர்ச்சி இல்லை. 22 வயதில் முழங்காலுக்குக் கீழ் காலை இழந்த ஒருவர், 70 வயதுவரை வாழ்ந்தால், தம் செயற்கைக் காலைப் பலமுறை மாற்ற வேண்டியிருக்கும்.