பெப்டைட் சீரம் போட்டா கன்னம் இறுகுமா?

போன எபிசோடுக்கு அப்புறம் இன்பாக்ஸ்ல அதிகமா வந்த கேள்வி, "பெப்டைட் சீரம் வாங்கலாமா? கன்னம் லேசா தளர்ந்த மாதிரி இருக்கு." கேட்டவங்கள்ல பாதிப் பேருக்கு 25 வயசுகூட ஆகல. ஒரு குட்டி பாட்டிலுக்கு சம்பளத்துல ஒரு துண்டு போகுது. அதனால இதை நிதானமா பார்த்துடலாம்.

தோலோட இறுக்கத்துக்கு முக்கியக் காரணம் கொலாஜன். கயித்துக் கட்டில்ல கயிறு மாதிரி. கயிறு நைஞ்சா கட்டில் தொய்யும், இல்லையா? அதேதான். இந்தக் கயிறைத் திரிக்கிறது, தோலின் உள்ளடுக்கில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள்.

புரதம் ஒரு நீளமான மாலைன்னா, பெப்டைட் அதுல நாலஞ்சு பூ மட்டும் இருக்கிற சின்னத் துண்டு. 1993-ல் ஒரு ஆய்வு வந்தது. கொலாஜன் உருவாகுறதுக்கு முந்தைய புரதத்திலிருந்து ஐந்து அமினோ அமிலத் துண்டு ஒன்றை எடுத்து, ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களுக்குக் கொடுத்தாங்க. செல்கள் கூடுதலா கொலாஜன் தயாரிச்சது. அதோட ஒரு கொழுப்பு அமிலத்தைச் சேர்த்ததுதான் பால்மிடாயில் பென்டாபெப்டைட்-4. மேட்ரிக்சில்னு சொன்னா உங்களுக்குத் தெரியும்.

ஆனா ஆய்வகத் தட்டுல இருக்கிற செல்லுக்கு மேல்தோல் கிடையாது. நமக்கு இருக்கு. 500 டால்டனுக்கு மேல எடையுள்ள மூலக்கூறுகள் அதைத் தாண்டுறது கஷ்டம். இது சுமார் 800. கொழுப்பு வால் கொஞ்சம் உதவும், அவ்வளவுதான்.

அப்போ சுத்த ஏமாத்தா? அப்படியும் சொல்ல மாட்டேன். 2005-ல் வெளியான ஆய்வில், 93 பெண்கள் முகத்தின் ஒரு பக்கம் இந்தப் பெப்டைட் கிரீமும், மறுபக்கம் பெப்டைட் இல்லாத அதே கிரீமும் 12 வாரம் போட்டாங்க. பெப்டைட் பக்கம் மெல்லிய கோடுகள் குறைஞ்சது. கவனிங்க, குறைஞ்சது கோடு. தொங்கின கன்னம் மேல ஏறுச்சுன்னு அதுல இல்லை. அவங்க வயசு 35-லிருந்து 55. ஆய்வு நடத்தினதும் கிரீம் விக்கிற கம்பெனி ஆட்கள்தான்.

அதுல பெப்டைட் அளவு பத்து லட்சத்துக்கு 3 பங்கு! அதனால பாட்டில்ல "10% பெப்டைட்"னு பார்த்தா மயங்காதீங்க. அது பெரும்பாலும் பெப்டைட் கரைசலோட அளவு, பெப்டைட்டோட அளவு இல்ல.

"போட்ட மறுநாளே டைட்டா இருக்கே"ன்னு கேப்பீங்க. அது கிளிசரின், ஹயலுரோனிக் அமிலம் பண்ற வேலை. தோல் தண்ணி குடிச்சு உப்பியிருக்கு. நல்ல விஷயம்தான், ஆனா அதுக்கு சாதாரண மாய்ஸ்சரைசர் போதும்.

வெயில்ல வர்ற யூவிஏ கதிர், கொலாஜனை வெட்டுற என்சைம்களைத் தூண்டும். வண்டியில ஆபீஸ் போயிட்டு, சன்ஸ்கிரீன் போடாம ராத்திரி பெப்டைட் மட்டும் போட்டா, ஒரு பக்கம் கயிறு திரிக்கிறோம், மறுபக்கம் அறுத்துக்கிட்டே இருக்கோம். பட்ஜெட் ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா சன்ஸ்கிரீன் வாங்குங்க. அடுத்து ரெட்டினாய்டு. கொலாஜன் விஷயத்துல அதுக்கு ஆதாரம் ரொம்பப் பலம்.

ரெட்டினாய்டு எரியுதுங்கிறவங்க, கர்ப்பமா இருக்கிறதால அதைத் தொடக் கூடாதவங்க, உங்களுக்குப் பெப்டைட் ஒரு சாதுவான மாற்று. ஆனா கர்ப்பமா இருந்தா புதுசா எது போடறதுக்கு முன்னாடியும் டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. வாங்கினா, 12 வாரம் விடாம போடுங்க. முதல் நாள் ஒரு போட்டோ, கடைசி நாள் ஒண்ணு, அதே ஜன்னல் வெளிச்சத்துல. ஃபில்டர் வேணாம் ப்ளீஸ்!