தளரும் தசையும் அளவான உழைப்பும்

தசைச் சிதைவு நோய் கண்ட பிள்ளையை ஓடியாட விடாமல் உட்கார்த்தி வைப்பதே பரிவென்று நாம் கருதுகிறோம். அப்படி வைத்தால் கணுக்காலும் முழங்காலும் விரைவில் இறுகிவிடும். மிகை உழைப்பும் தீங்கே. டுஷேன் வகை நோயினருக்குத் தசையிழையின் உறையைத் தாங்கும் டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் அமைவதில்லை. 1987-ல் தெளிந்த உண்மை இது. ஆதலால், நீண்டுகொண்டே பளுவைத் தாங்கும் தசையிழை எளிதில் சிதைகிறது. படி ஏறுவதைவிட இறங்குவது தொடைக்குக் கேடு செய்வது, வியப்பாயினும், இதனாலேதான். மேடுபள்ளம் மிகுந்த நம் பெங்களூரில் இதை மறக்கலாகாது. சமதரை நடையும், வெதுவெதுப்பான நீரில் நீந்துதலும் ஏற்றவை. மறுநாளும் வலி நீடித்தால் அளவைக் குறைப்போம். சிறுநீர் கறுத்தால் அன்றே மருத்துவரை நாடுவோம். பயிற்சியின் அளவை நிம்ஹான்ஸ் நிலையத்தின் நரம்பியல் மறுவாழ்வுத் துறையில் கேட்டறியலாம். தொடங்குமுன் இருதயத்தையும் சோதித்தல் வேண்டும், அதுவும் தசைதானே!