மீண்டு வருவோரை ஏற்பதும் திருத்தொண்டே

(திருவிழாச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சூலை நோயால் வாடித் திருநாவுக்கரசர் தம் தமக்கையாரிடம் திரும்பிவந்தபோது, திலகவதியார் பழைய பிழைகளைக் கணக்கெடுக்கவில்லை. திருநீறு அளித்தார், திருவலகு ஏந்தித் தாம் விடியுமுன் தொண்டுக்குச் செல்லும் திருவதிகைத் திருக்கோயிலுக்குத் தம்பியாரையும் உடனழைத்துச் சென்றார். உழவாரம் பின்னாளில் அப்பெருமானின் அடையாளமே ஆயிற்று. போதைப் பழக்கத்தினின்று மீள்வோருக்கு வேண்டுவனவும் இவ்விரண்டே: ஏற்கும் உறவு, கைக்கு ஒரு பணி.

சிங்கப்பூரில் 1973ஆம் ஆண்டுச் சட்டம் போதைப்பொருளைக் கடுமையாகத் தடுத்தது. ஆயினும் மனிதனை வீடு சேர்ப்பது சட்டத்தால் மட்டும் ஆவதன்று. அப்பணிக்கென 1972இல் ‘சானா’ சங்கம் தோன்றியது. 2004இல் மஞ்சள் நாடா இயக்கம் எழுந்தது. 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த இந்து அறக்கட்டளை வாரியம் ‘ஆஷ்ரம்’ எனும் மறுவாழ்வு இல்லத்தை நடத்தி வருகிறது. இத்தகைய இல்லங்களில் தங்குவோர் பகலில் வேலைக்குச் சென்று, குறித்த நேரத்தில் திரும்புகின்றனர்; சிறுநீர்ச் சோதனைக்கும் ஆலோசனைக்கும் உட்படுகின்றனர். நேரம், பணம், நட்பு ஆகிய மூன்றும் ஒழுங்குபெறும்போதே நடத்தை மாறுகிறது.

1998இல் சிறையினின்று விடுதலையானோரில் 44 விழுக்காட்டினர் ஈராண்டுக்குள் மீண்டும் தண்டனை பெற்றனர். அண்மை ஆண்டுகளில் அவ்விகிதம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்துள்ளது. எல்லாக் குற்றங்களையும் சேர்த்த கணக்கு இது. ஐந்தாண்டு அளவில் பார்த்தால் விகிதம் மீண்டும் உயர்கிறது. ஆகவே, வீடு திரும்பிய நாளன்று சோதனை முடிவதில்லை.

சிராங்கூன் சாலைக்கு வரும் அவரைப் பழைய கூட்டாளிகள் அன்போடு அழைப்பார்கள். உறவினர் முகந்திருப்பிக்கொண்டால், அவருக்குத் திறந்திருப்பது அந்த ஒரு வாசலே. ஏற்பது என்பது கண்மூடி நம்புவதன்று. கையில் ரொக்கம் தருவதைவிட உணவளிப்பதும், வேலைக்கு உடன் செல்வதும் மேலான உதவி. பொறுப்பைப் படிப்படியாகவே தருதல் வேண்டும். அன்னதானத்தில் இலை போடவும், தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலில் நிற்கவும் அவரை அழைக்கலாம். அங்கே பழங்கதை கேட்காதிருப்பதே பெருங்கருணை. ஒருமுறை தவறி வீழ்ந்தாலும், உடனே சிகிச்சைக்கு அழைத்துச் செல்லும் கை வேண்டும்.

திருக்கோயிலின் வாசல் அகன்றது. அதனுள் நிற்போர் உள்ளமும் அவ்வாறே அகல்க! இறையருள் அனைவர்க்கும் துணைநிற்பதாக!