ஒரு டிக்கெட்டில் இரண்டு தேசம்

(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பயணம் பற்றி ஏதாவது பேசுங்க சார்" என்றார் நம் செயலாளர். நான் அதிகம் ஊர் சுற்றியவன் அல்ல. இருப்பது கோவிலம்பாக்கம். எங்கள் ஊருக்கு ரயில் நிலையம்கூடக் கிடையாது. ஆனால் தாம்பரம் வழியாக ஓடும் ஒரு ரயில் பாதையைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் விஷயம் உண்டு. இந்தத் தண்டவாளம் ஒரு காலத்தில் ஒரு நாட்டின் எல்லை வரை போனது. அங்கே இறங்கிக் கப்பல் ஏறினால் அடுத்த நாடு.

போட் மெயில் என்ற பேரை மூத்தவர்கள் கேட்டிருப்பீர்கள். முதலில் அது சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போனது. அங்கிருந்து கொழும்புக்குக் கப்பல். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு வழி மாறியது. எழும்பூரில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கே ரயிலை விட்டு இறங்கிக் கப்பலில் ஏறி, சுமார் 35 கிலோமீட்டர் கடலைக் கடந்தால் தலைமன்னார். அங்கே இன்னொரு ரயில் கொழும்பு கோட்டை நிலையத்துக்குத் தயாராக நிற்கும். இர்வின், கோஷன் என்று கப்பல்களுக்குப் பெயர். இத்தனைக்கும் எழும்பூரில் எடுத்த ஒரே டிக்கெட் போதும்.

என் பெரியப்பா கொழும்பில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதியவர். "ராத்திரி எழும்பூர்ல ஏறினா மறுநாள் மத்தியானத்துக்கு மேல தனுஷ்கோடி, பொழுது சாயத் தலைமன்னார், மூணாம் நாள் காலையில கொழும்புல பல் விளக்கலாம்டா" என்பார். ரயிலை நேரே ஓட்ட முடியாததற்குக் கடல் மட்டும் காரணமில்லை. இந்தப் பக்கம் மீட்டர் கேஜ், அதாவது 1,000 மில்லிமீட்டர். அந்தப் பக்கம் அகலப் பாதை, 1,676 மில்லிமீட்டர்.

அந்த எல்லைப் பாதையில் வளர்ந்த ஒரு பையனை உங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் உலகப் போரின்போது ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டார்கள். பத்திரிகைக் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வெளியே வீசுவார்கள். அவற்றைப் பொறுக்கி எடுத்துக் கொடுத்துத் தன் முதல் சம்பளத்தை வாங்கினான் அந்தப் பையன். அதே பையன்தான் 1950-களில் நமக்கு அடுத்த வீடு போன்ற குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் படிக்க வந்த அப்துல் கலாம்.

இதுவரை சொன்னது இனிப்பான பகுதி. இதே பாதையில் இன்னொரு பயணமும் நடந்தது. தேயிலைத் தோட்டத்துக்குப் போன கூலித் தொழிலாளிகளின் பயணம். அவர்கள் நேரே கப்பலுக்குப் போக முடியாது. மண்டபத்தில் இறங்க வேண்டும். அங்கே இந்திய மண்ணிலேயே இலங்கை அரசு நடத்திய ஒரு முகாம் இருந்தது. காலரா, பிளேக், அம்மை வந்துவிடக் கூடாதென்று அவர்களைப் பல நாள் அங்கே தங்கவைத்து, மருந்துத் தண்ணீரில் குளிக்கவைத்து, தடுப்பூசி குத்தி, பிறகுதான் அனுப்புவார்கள். மேல் வகுப்பில் போனவர்களுக்கு நடைமுறை இவ்வளவு கடுமையாக இல்லை. என் பெரியப்பா மண்டபத்தை ஜன்னல் வழியாகப் பார்த்தவர். அதே ரயிலில் வந்த இன்னொருவர் அதைக் கம்பி வேலிக்குள்ளிருந்து பார்த்தார். தண்டவாளம் ஒன்றுதான், பயணம் இரண்டு.

1948-ல் இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டு வந்த குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழர்களில் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 அக்டோபர் 30-ஆம் தேதி சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று முடிவு. மூட்டையைப் பங்கு போடுவதுபோல மனிதர்களைப் பங்கு போட்டார்கள்.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடியே அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலில் போனது. பாம்பன் பாலத்தை ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளரின் தலைமையில் 46 நாளில் சீரமைத்தார்கள். தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவே இல்லை.

ஆகவே ஒப்பந்தத்தின்படி வந்தவர்கள் ராமேஸ்வரத்தில்தான் இறங்கினார்கள். மலையகத்தில் ரயிலுக்குக் 'கோச்சி' என்று பெயர். கோச்சி ஏறித் தலைமன்னார் வந்து, கப்பல் ஏறி, தாத்தா பிறந்த ஊருக்கு ஒரு பெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். பலர் அதற்கு முன் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை. 'தாயகம் திரும்பியோர்' என்று காகிதத்தில் எழுதினார்கள். பிறந்த மண்ணை விட்டு வந்தவர்களுக்கு அந்தச் சொல் எப்படி இருந்திருக்கும்? யோசித்துப் பாருங்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு கப்பலும் நின்றது. அகதிகள் இரவில் படகில் வந்தார்கள். அவர்களை ஏற்றுக்கொண்டதும் அதே மண்டபம் முகாம்தான்.

இப்போது உங்களைக் கொஞ்ச நேரம் ஐரோப்பாவுக்கு அழைத்துப் போகிறேன். போலந்து நாட்டில், உக்ரைன் எல்லையை ஒட்டி ப்ஷெமிஷல் என்று ஓர் ஊர். சொல்லும்போதே நாக்கு சுளுக்கும்! உக்ரைன் பாதை 1,520 மில்லிமீட்டர், போலந்துப் பாதை 1,435. அதனால் உக்ரைன் ரயில்கள் வந்து நிற்க அங்கே தனிப் பாதையும் நடைமேடையும் உண்டு. ஒரு நாட்டின் ரயிலிலிருந்து இறங்கிச் சோதனை முடித்து, மறு நாட்டின் ரயிலில் ஏற வேண்டும். நம் தனுஷ்கோடி மாதிரியேதான், நடுவில் கடல் மட்டும் இல்லை. 2022 பிப்ரவரியில் போர் மூண்டதும் உக்ரைனில் விமானப் போக்குவரத்து நின்றது. நாட்டை விட்டு வெளியேறவும் உள்ளே போகவும் இந்த ஊர்தான் பெரிய வாசல். அமெரிக்க அதிபர் பைடன்கூட 2023-ல் இங்கே ரயில் ஏறித்தான் கீவ் போனார்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பெண் உக்ரைனில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். லிவீவிலிருந்து நின்றுகொண்டே ரயிலில் வந்து இந்த ஊரில் இறங்கியிருக்கிறாள். "அங்கிள், இறங்கினதும் ஒரு பாட்டி சூடா சூப் கொடுத்தாங்க. அப்புறம் என் காலைப் பார்த்துட்டு ஒரு ஜோடி சாக்ஸ் கொடுத்தாங்க. பாஸ்போர்ட் எல்லாம் ஆபீசர்தான் கேட்டாரு. இவங்க எந்த ஊருன்னுகூடக் கேட்கலை" என்றாள். ஒரு பிஞ்சு மனசுக்கு அந்தச் சாக்ஸ்தான் போலந்து தேசம்.

அதே 2022 மார்ச் மாதம் நம் தனுஷ்கோடியில் என்ன நடந்தது தெரியுமா? இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் அரிசிக்கும் பாலுக்கும் வழியில்லாமல், கைக்குழந்தைகளோடு குடும்பங்கள் படகில் வந்து மணல் திட்டில் இறங்கின. அவர்களையும் மண்டபத்துக்குத்தான் அழைத்துப் போனார்கள். ஒரே மாதத்தில், இரண்டு எல்லை ஊர்கள், ஒரே மாதிரி மூட்டைகள். நம் பத்திரிகைகளில் ஒன்று முதல் பக்கத்தில் நாள்தோறும் வந்தது, மற்றது சில நாளில் உள்பக்கத்துக்குப் போய்விட்டது.

எல்லை ஊர் என்பது ஒரு நாட்டின் திண்ணை என்று நினைக்கிறேன். வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்பது திண்ணையில் வந்து உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும்.

பாதை இப்போது மறுபடி உயிர் பெற்று வருகிறது. போரில் மூடப்பட்ட தலைமன்னார் பாதையை இந்திய நிறுவனமான இர்கான் புதிதாகப் போட்டு, 2015-ல் ரயில் ஓடியது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் தொடங்கியது. 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி புதிய பாம்பன் பாலம் திறந்தபோது, அதன் மேல் விடப்பட்ட புது ரயில் எங்கே வருகிறது? ராமேஸ்வரத்திலிருந்து நம் தாம்பரத்துக்கு! மாணவர்களே, ஒரு விடுமுறையில் அதில் ஏறிப் போங்கள். கோயிலையும் கடலையும் பாருங்கள். மண்டபத்தைத் தாண்டும்போது செல்போனைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்புங்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நாம் தரும் கல்வி உதவித்தொகைக்குச் சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் என்று கேட்கிறோம். மறுவாழ்வு முகாமில் பிறந்து வளர்ந்த பிள்ளை இதையெல்லாம் எங்கே போய் வாங்கும்? வருடத்துக்கு இரண்டு இடம் அந்தப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்குவோம். முகாம் அடையாள அட்டை ஒன்றே போதும் என்று தீர்மானம் போடுவோம். முதல் ஆண்டுத் தொகையில் ஒரு பங்கை நான் தருகிறேன். மீதிக்கு இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் வகுப்புத் தோழர்கள் இருக்கிறார்கள். விடுதியில் என்னிடம் வாங்கிய கடனை இன்னும் திருப்பாதவர்கள் முதலில் எழுந்திருக்கலாம்!