கேடயச் சுரப்பியும் சோம்பலும்



பள்ளிக்கூடங்களில் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் 'சோம்பேறி' என்பது ஒன்று. முதல் மணி அடித்து ஓய்ந்த பின்னர் நுழைபவன் சோம்பேறி. வினாக் கேட்டால் எழுந்து நிற்பதற்கே நெடுநேரம் எடுத்துக்கொள்பவன் சோம்பேறி. பிற்பகல் வகுப்பில் கண் செருகுபவள் சோம்பேறி. இப்பெயருக்கு முற்றும் உரியவர் சிலர் உண்டென்பதை, 35 ஆண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்த நான் மறுக்கமாட்டேன். ஆயினும், அப்பெயருக்குச் சிறிதும் உரியர் அல்லாத சிலரும் அதனைச் சுமந்து திரிகின்றனர். அவர்களுடைய மனத்தில் குறையில்லை; கழுத்தில் இருக்கிறது குறை. தைராய்டு என்னும் சுரப்பி போதிய அளவு சுரவாமையால் வரும் நோயைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இச்சுரப்பி எங்கே இருக்கிறது? குரல்வளை மேட்டுக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலின்மேல், சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சி ஒன்று ஒட்டிக்கொண்டிருப்பதுபோல் அமைந்திருக்கிறது. அதன் எடை ஏறக்குறைய 20 கிராம். 1656-ஆம் ஆண்டில் தாமஸ் வார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர், கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'தைராய்டு' என்ற பெயரை இதற்குச் சூட்டினார். பெயரிட்டாரேயன்றி, இதன் தொழிலை அவர் அறிந்தாரில்லை. கழுத்துக்கு உருட்சியும் அழகும் தருவதும் இதன் பயன்களுள் ஒன்று என அவர் கருதினார். அழகுக்காக மட்டும் உடம்பில் ஓர் உறுப்பு இருக்கக்கூடுமா என்று நீங்கள் கேட்கலாம். அக்காலத்து அறிவு அவ்வளவே.

இன்று நாம் அறிவது வேறு. இச்சுரப்பி, உணவிலுள்ள அயோடினைக் கொண்டு தைராக்சின் என்னும் ஹார்மோனைச் செய்து குருதியில் கலக்கிறது. உடம்பின் ஒவ்வோர் உறுப்பும் எவ்வளவு விரைவாக வேலை செய்யவேண்டும் என்பதை உறுதி செய்வது அந்த ஹார்மோன். குத்துவிளக்கில் எண்ணெய் நிறைய இருக்கலாம். திரி உள்ளே போய்விட்டால் சுடர் மங்கிவிடுகிறதல்லவா? தைராக்சின் குறைந்த உடம்பும் அத்தகையதே. உணவு இருக்கிறது, மூச்சு இருக்கிறது. ஆனால் சுடர் இல்லை.

சுடர் மங்கினால் எல்லாம் மந்தமாகின்றன. இதயம் மெல்லத் துடிக்கிறது. குடல் மெல்ல அசைகிறது, ஆகவே மலச்சிக்கல். உடம்பில் வெப்பம் போதாமையால், மற்றவர் விசிறியைத் தேடும்போது இவர் போர்வையைத் தேடுகிறார். தோல் உலர்ந்து செதில் விடுகிறது. தலைமயிர் உதிர்கிறது, புருவத்தின் வெளிப்பகுதி மெலிந்துபோவதும் உண்டு. தோலின் அடியில் நீர்ப்பற்றுடைய ஒருவகைப் பொருள் சேர்வதால் முகமும் இமைகளும் ஊதிக்காண்கின்றன. குரல் தடித்துக் கரகரக்கிறது. உண்பது குறைந்தாலும் எடை சில கிலோ கூடுகிறது. மாதவிலக்கு மிகுதியாகவோ முறைதவறியோ வரலாம். நினைவு தடுமாறுகிறது, காரணமின்றி மனம் சோர்கிறது. இறுதியாகச் சொன்ன இதனை மனநோய் என்றே எண்ணி நெடுங்காலம் கழித்தவர்களும் உளர்.

இவற்றுள் ஒன்றிரண்டு யாருக்குத்தான் இல்லை என்று உங்களுள் சிலர் இப்போதே கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அஞ்சவேண்டா. இரவெல்லாம் கைப்பேசியைப் பார்த்துவிட்டுப் பகலில் தூங்குவது தைராய்டு நோய் அன்று. இரத்தசோகையும் இதே சோர்வைத் தரும். நாம் கவனிக்கவேண்டியது, பல குறிகள் ஒருங்கே தோன்றுவதையும், அவை முன்பு இல்லாதவையாய் இருந்து மாதக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறுவதையுமே. அந்த மெதுவே இந்நோயின் மறைவிடம். கூடவே வாழ்பவர் கண்ணுக்கு மாற்றம் தெரிவதில்லை. ஈராண்டுக்கு முன் எடுத்த புகைப்படத்தை அருகில் வைத்து முகத்தை ஒப்பிட்டால் தெரிந்துவிடும். மருத்துவர்களே இவ்வுபாயத்தைக் கையாள்வதுண்டு.

வளரும் பிள்ளைகளிடம் இதற்கு மற்றொரு முகம் இருக்கிறது. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளி ஒன்றில் 9-ஆம் வகுப்பில் ஒரு மாணவி படித்தாள். மிக அமைதியானவள். வகுப்பில் பேசமாட்டாள், விளையாட்டில் ஓடமாட்டாள், யாரோடும் சண்டையிடமாட்டாள். எழுத்து அழகாக இருக்கும்; ஆனால் தேர்வில் பாதி வினாக்களுக்கு விடை எழுதுவதற்குள் நேரம் முடிந்துவிடும். அவளுடைய முன்னேற்ற அறிக்கையில், 'ஒழுக்கம் நன்று. ஊக்கம் இல்லை' என்று தொடர்ந்து எழுதப்பட்டிருந்தது. அவளிடத்தே உள்ள மாற்றத்தைக் கண்டவர் எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர். ஆண்டுதோறும் பிள்ளைகளின் உயரமும் எடையும் குறிக்கும் பதிவேடு ஒன்று பள்ளிகளில் உண்டு. பெரும்பாலோர் அதனை நிரப்பிவிட்டு அலமாரியில் வைத்துவிடுவர். அவரோ அதனைப் படிப்பவர்! ஒருநாள் அதைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். 7-ஆம் வகுப்பில் அம்மாணவியின் உயரம் 138 சென்டிமீட்டர். ஈராண்டு கழித்து 139. எடையோ 9 கிலோ ஏறியிருந்தது. "ஐயா, 6-ஆம் வகுப்பில் வரிசையின் நடுவில் நின்ற பெண், இப்போது எல்லோருக்கும் முன்னால் நிற்கிறாள், மற்றவர்களெல்லாம் வளர்ந்துவிட்டார்கள்" என்றார்.

தந்தையாரை அழைத்துப் பேசினோம். அவர் ஒரு நெசவுத் தொழிலாளி. "சாதுவான பிள்ளைங்க ஐயா, எங்களுக்கு ஒரு தொந்தரவும் கொடுத்ததில்லை" என்றார். வீட்டில் அவளுடைய மந்தம் நற்குணமாகவும், பள்ளியில் ஊக்கக் குறைவாகவும் எண்ணப்பட்டிருந்தது. நோயாக எங்கும் எண்ணப்படவில்லை. அடங்காத பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்தால் ஒரே நாளில் தெரிந்துவிடும்; அடக்கமான பிள்ளையின் நோய் அடக்கத்தின் உள்ளேயே ஒளிந்துகொள்கிறது. அரசு மருத்துவமனையில் குருதியைச் சோதித்து, தைராய்டுக் குறைவே என்று உறுதி செய்தனர். மாத்திரை தொடங்கிய முதலாண்டில் அவள் 8 சென்டிமீட்டர் வளர்ந்தாள். அவ்வாண்டில் அவள் வகுப்பில் பேசத் தொடங்கிவிட்டாள் என்று ஓர் ஆசிரியை என்னிடம் வந்து குறைகூடச் சொன்னார்! உடம்பு எடை கூடுகையில் உயரம் நின்றுபோவதும், பூப்பெய்துவது மிகவும் தள்ளிப்போவதும் பள்ளிப் பருவத்தில் நாம் கருத்திற்கொள்ள வேண்டிய குறிகள்.

இந்நோய்க்கு மருந்து கண்ட வரலாறு சுவையானது. 1873-இல் லண்டன் மருத்துவர் வில்லியம் கல் இதனைப் பெண்களிடம் கண்டு விவரித்தார். சில ஆண்டுகளுக்குப் பின்னர், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர், கழுத்துக் கழலைக்காகச் சுரப்பி முழுவதையும் அகற்றப்பட்டவர்கள் நாளடைவில் மந்தமுற்று வீங்கிப்போவதைக் கண்டு எழுதினார். சுரப்பி இல்லாமையே காரணமெனில், சுரப்பியைக் கொடுத்தால் என்ன? 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்னும் இளம் மருத்துவர், ஆட்டின் தைராய்டுச் சுரப்பியிலிருந்து சாறு எடுத்து, 46 வயதுடைய ஒரு பெண்மணிக்கு ஊசியாகச் செலுத்தினார். சில மாதங்களில் முகவீக்கம் வடிந்தது, பேச்சு விரைவுற்றது, அம்மையார் எழுந்து நடமாடினார். மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919-இல், 74-ஆம் வயதில் மறைந்தார். அவ்வளவு காலமும் அவருக்கு மருந்தளித்த ஆடுகள் 870-க்கும் மேல் என்று மர்ரே கணக்கு எழுதி வைத்திருக்கிறார். பின்னர், 1914-இல் அமெரிக்கரான எட்வர்ட் கெண்டால் தைராக்சினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1927-இல் பிரிட்டனைச் சேர்ந்த ஹாரிங்டன், பார்ஜர் என்பாருடன் சேர்ந்து அதனை ஆய்வகத்திலேயே செய்தார். இன்று ஆடுகளுக்கு வேலையில்லை. ஒரு கடுகளவு மாத்திரையில் எல்லாம் அடங்கிவிட்டது. அம்மாத்திரையிலும் மருந்து எவ்வளவு தெரியுமா? நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் உட்கொள்ளும் ஒருவர், ஒரு கிராம் மருந்தை உட்கொண்டு முடிக்க 10,000 நாட்கள், அதாவது 27 ஆண்டுகளுக்குமேல் ஆகும். கணக்கு ஆசிரியர்கள் இதனை வகுப்பில் பயன்படுத்திக்கொள்ளலாம்.

ஓய்வு பெற்ற மூன்றாம் ஆண்டில் இந்நோய் எனக்கே வந்தது. சித்திரை மாதத்தில் துண்டைப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருந்தேன். செய்தித்தாளில் ஒரு பத்தியை இருமுறை படிக்க வேண்டியிருந்தது. வெளியூரிலுள்ள என் தம்பி, தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "அண்ணா, சளி பிடித்திருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். சளி இல்லை. வீட்டார், 'வயதாகிவிட்டது' என்று சொல்லி அமைந்தனர். வயது என்பது முதியோருக்கு வழங்கும் சோம்பேறிப் பட்டம்! அந்த 9-ஆம் வகுப்பு மாணவியின் நினைவு வரவே, நான் மருத்துவரிடம் சென்றேன். அவர் என்னை நாற்காலியில் மண்டியிடச் செய்து, குதிகாலுக்கு மேலுள்ள நரம்புப் பட்டையைச் சிறு சுத்தியால் தட்டினார். பாதம் சட்டென்று அசைந்தது. ஆனால் பழைய நிலைக்குத் திரும்ப நேரம் எடுத்துக்கொண்டது. நாடி நிமிடத்துக்கு 54. அவர் புன்னகை செய்து, குருதிச் சோதனைக்குச் சீட்டு எழுதினார்.

அச்சோதனையின் பெயர் டி.எஸ்.எச். மூளையின் அடியில் பிட்யூட்டரி என்னும் சிறு சுரப்பி இருக்கிறது. தைராய்டை வேலை வாங்குவது அதுவே. ஒரு தலைமையாசிரியருக்கு இதனை விளங்கிக்கொள்வது எளிது. ஆசிரியர் ஒழுங்காகப் பாடம் நடத்தினால் அவருக்குக் குறிப்பாணை அனுப்பும் தேவை இல்லை. நடத்தாவிடில் ஆணைமேல் ஆணையாக அனுப்பவேண்டும். பிட்யூட்டரி அனுப்பும் குறிப்பாணையே டி.எஸ்.எச். ஆகவே அதன் அளவு ஏறியிருந்தால் தைராய்டு குறைந்திருக்கிறது என்று பொருள். இதனைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, 'எனக்குத் தைராய்டு அதிகம்' என்று சொல்பவர்கள் பலர். பெரியவர்களுக்கு இவ்வளவு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இருத்தல் வேண்டும். எனக்கு 46 இருந்தது.

காரணம் என்ன? உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே சுரப்பியைப் பகையென்று எண்ணித் தாக்குவது இந்நோய்க்குப் பெரும்பான்மைக் காரணம். 1912-இல் அதனை விவரித்த ஜப்பானிய மருத்துவர் ஹாஷிமோட்டோவின் பெயரால் இன்றும் அது வழங்கப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதி. ஒரே குடும்பத்தில் பலருக்கு வருவதும் உண்டு. ஆகவே தாய்க்கோ தமக்கைக்கோ இருந்தால் நீங்களும் குறிகளைச் சற்றுக் கூர்ந்து நோக்குதல் நலம்.

மருந்து உண்டு வாழ்வது அரிதன்று. ஆனால் முறை உண்டு. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கவேண்டும். அரைமணி முதல் ஒருமணி வரை உணவு கூடாது, காப்பியும் கூடாது. காப்பி மருந்தைக் குடலில் ஏறவிடாமல் தடுக்கும். விடியற்காலையில் காப்பிக்குக் கண் விழிக்கும் ஊரில் இதைவிடக் கடிய விதி வேறில்லை. இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளை உண்பவர் 4 மணி நேரம் இடைவெளி விடவேண்டும். மருந்தின் அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்தே மறுபடி சோதிப்பர். எனக்கு முதலில் முகவீக்கம் வடிந்தது. குரல் திரும்ப மூன்று மாதமாயிற்று.

இம்மருந்தில் ஒரு சூது இருக்கிறது. உடம்பில் புகுந்த தைராக்சினில் பாதி கழிவதற்கே ஏறக்குறைய 7 நாட்களாகும். அதனால், மாத்திரையை நிறுத்தினால் அன்றும் மறுநாளும் ஒன்றும் தெரியாது. ஒரு வாரம் நன்றாகவே இருக்கும். 'நோய் தீர்ந்தது' என்று நிறுத்தியவர், சில வாரங்களில் பழைய சேற்றில் இறங்கிவிடுவார். அப்போதும் நிறுத்தியதுதான் காரணமென்று அவருக்குத் தோன்றாது. கருவுற்ற பெண்கள் ஒருபோதும் தாமாக நிறுத்தலாகாது. அக்காலத்தில் மருந்தின் தேவை கூடுகிறது, குழந்தையின் மூளை வளர்ச்சியும் அதைச் சார்ந்தது. மாறாக, உடல் மெலிய வேண்டுமென்று நோயில்லாதவர் இதனை விழுங்குவது இதயத்துக்குக் கேடு. கல்லூரி மாணவியர் சிலர் அவ்வாறு செய்வதாகக் கேள்விப்படுகிறேன்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் விடலாகாது. சுரப்பிக்கு வேண்டிய அயோடின் பெரியவர்க்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம். 70 ஆண்டுகளுக்கும் சேர்த்து 4 கிராமுக்கும் குறைவே. அச்சிற்றளவு கிடையாமல் இமயத்தின் அடிவாரத்தில் தலைமுறை தலைமுறையாக மக்கள் கழுத்துக் கழலையோடு வாழ்ந்தனர். 1956-இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் காங்க்ரா பள்ளத்தாக்கில் சில பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பையும், ஒரு பகுதிக்கு வெறும் உப்பையும் வழங்கிப் பார்த்தனர். அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் பிள்ளைகளின் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-இல் அரசு நாடளாவிய திட்டத்தைத் தொடங்கியது. கடலருகே வாழும் நமக்கு அயோடின் தானே கிடைத்துவிடும் என்று எண்ணுவது தவறு. தூத்துக்குடி உப்பளத்துக் கல்லுப்பிலும், தனியே சேர்த்தாலன்றி, போதிய அயோடின் இராது. அயோடின் உப்பை மூடிய பாத்திரத்தில், ஈரமும் அடுப்பின் வெப்பமும் படாமல் வைக்கவேண்டும். ஆனால் எதிர்ப்பாற்றலின் தாக்குதலால் சுரப்பி நலிந்தவர்க்கு உப்பு மருந்தாகாது. அவர்கள் அயோடினை மிகுதியாக உண்டால் தீங்கும் விளையக்கூடும்.

பிறக்கும்போதே இச்சுரப்பி குறைவுடைய குழந்தைகளும் உண்டு. பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு துளி குருதி எடுத்துச் சோதித்து, இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் அக்குழந்தையின் அறிவு பிற குழந்தைகளைப் போலவே வளரும். மாதங்கள் கடந்தால் இழந்த அறிவு முழுவதும் மீளாது. உங்கள் வீட்டில் அக்காளுக்கோ அண்ணிக்கோ குழந்தை பிறந்தால், மருத்துவமனையை விட்டுப் புறப்படுமுன், "குதிகால் சோதனை ஆயிற்றா?" என்று நீங்களே கேளுங்கள்.