எத்தனை பேர் வாங்குவார்கள்?

(அறந்தாங்கியில் இளைஞர்கள், வணிகர்கள் மத்தியில் ஆற்றிய உரையிலிருந்து)

 

வளைகுடாவில் பத்துப் பதினைந்து வருடம் வியர்வை சிந்திவிட்டு ஊர் திரும்பும் தம்பிகள், "ஹஜ்ரத், மாத்தூரில் ஒரு வெல்டிங் பட்டறை போடலாமா?" என்று கேட்கிறார்கள். பட்டறைக் கணக்கை எனக்கு மதரஸாவில் ஓதித் தரவில்லை. சந்தையைப் பற்றி ஓதித் தந்திருக்கிறார்கள்.

கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் ஐஸ் கம்பெனி ஏன் கரையோரம் இருக்கிறது? ஐஸ் உருகும், படகு காத்திருக்காது. அது மட்டுமா? அங்கே ஐஸ் வாங்குவது ஒரே முதலாளி அல்ல. ஒரு படகுக்காரர் அடிமாட்டு விலைக்குக் கேட்டால் அடுத்த படகுக்குக் கொடுத்துவிடலாம்.

மாத்தூருக்கு வருவோம். 1960-களில் திருவெறும்பூரில் பெல் நிறுவனம் பாய்லர் தொழிற்சாலை தொடங்கியது. அதை நம்பி துவாக்குடியிலும், நம் மாவட்டத்து மாத்தூரிலும் பட்டறைகள் முளைத்தன. இரும்புத் தகட்டையும் வரைபடத்தையும் பெல் கொடுக்கும். வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து கொடுத்தால் டன்னுக்கு இவ்வளவு என்று கூலி. டன் டன்னாக இரும்பை லாரியில் ஏற்றி இறக்குகிறவனுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் லாபம். அதில் நான் குற்றம் காணவில்லை. எத்தனையோ குடும்பங்கள் அதில் சாப்பிட்டன.

பிறகு சீனக் கம்பெனிகள் மலிவு விலையில் பாய்லர் கொண்டு வந்தன. உள்நாட்டுத் தனியாரும் போட்டிக்கு வந்தார்கள். 2012-இல் அரசு இறக்குமதிக்கு வரி போட்டது. ஆனால் அந்த ஆண்டுகளில் அனல்மின் நிலைய ஆர்டர்களே வற்றத் தொடங்கிவிட்டன. பெல்லுக்குத் தலைவலி என்றால் மாத்தூருக்குக் காய்ச்சல்! இருந்த கொஞ்ச வேலைக்கும் பட்டறைக்காரர்களே போட்டி போட்டுக்கொண்டு கூலியைக் குறைத்துக் கேட்டார்கள். பல பட்டறைகளுக்குப் பூட்டு விழுந்தது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பாருங்கள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் கார் வெளிவந்தது. கூடவே கொரியாவின் உதிரிபாகக் கம்பெனிகளும் வந்து இறங்கின. மறைமலை நகரில் ஃபோர்டு, 2010-இல் ஒரகடத்தில் ரெனால்ட் நிஸ்ஸான். கார் கம்பெனிகள் தமக்குள் போட்டி போட, உதிரிபாகக்காரர்கள் நடுவில் இடம் பிடித்தார்கள். 2022-இல் ஃபோர்டு கார் உற்பத்தியை நிறுத்தியபோது அவர்களுக்கும் அடிதான். ஆனால் போய்த் தட்ட இன்னொரு கதவு பக்கத்தில் இருந்தது.

சரக்கோடு வரும் வணிகக் கூட்டத்தை ஊருக்கு வெளியே எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஏன் தடுத்தார்கள்? சந்தைக்குள் வந்தால் நாலு பேர் விலை கேட்பார்கள். வழியிலே ஒருவர் சொன்னதுதான் விலை! அப்படி விற்றவர் சந்தைக்கு வந்து பார்த்தபின் வியாபாரத்தை முறித்துக்கொள்ளலாம் என்றும் முஸ்லிம் அறிவிப்பில் வருகிறது. மாத்தூரில் மெஷினை இறக்கிவிட்டவர் எதை முறிப்பது? அதுவும் வட்டிக்கு வாங்கிய மெஷின் என்றால், அல்லாஹ் காப்பாற்றட்டும்!

மாத்தூரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சாலை இருக்கிறது, கை தேர்ந்த வெல்டர்கள் இருக்கிறார்கள். இடத்துக்கு முன்பணம் கொடுக்கும் முன், பெல்லைத் தவிர உங்களுக்கு வேலை தரக்கூடிய மூன்று பேரை எழுதுங்கள். சர்க்கரை ஆலையோ, சிமெண்ட் ஆலையோ, காற்றாலைக் கோபுரம் செய்பவரோ, யாராக இருந்தாலும் நேரில் போய்ப் பேசிவிட்டு எழுதுங்கள். எழுத முடியாத தம்பிகள் இஷாவுக்குப் பிறகு என்னிடம் வாருங்கள். வேறு தொழிலில் பங்கு சேர்த்துக்கொள்ளக் கூடிய வணிகர்கள் இந்தச் சபையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், இன்றே பேசுவோம்.