கருத்த லட்சுமி, செவத்த லட்சுமி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு, “ஒருத்தரை நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவது அவமானமா?” இந்தத் தலைப்பு சும்மா வரலை. ஒரு குழுவில் இரண்டு லட்சுமி இருக்காங்க. இனிஷியலும் ஒண்ணு. ஆரம்பத்தில் இருந்தே ஒருத்தரைக் கருத்த லட்சுமின்னும் ஒருத்தரைச் செவத்த லட்சுமின்னும் சொல்லிப் பழகிட்டாங்க. போன வருசம் ஒரு கூட்டத்தில், “இனிமே என்னை அப்படிக் கூப்பிட வேண்டாம்”னு அந்த லட்சுமி சொன்னாங்க. “இதுல என்ன இருக்கு மதினி, கருப்பைக் கருப்புன்னுதானே சொல்ல முடியும்?”னு ஒருத்தர் கேட்க, எல்லாரும் சிரிச்சிட்டாங்க. அடுத்த இரண்டு மாசம் அவங்க கூட்டத்துக்கே வரலை, சந்தாவும் கட்டலை. பத்து வருசமா ஒரு தவணைகூடத் தவறாத உறுப்பினர். விஷயம் கூட்டமைப்புக்கு வந்தது. அதனால்தான் இன்னைக்கு இந்தப் பேச்சு.

முதல்ல சிரிச்சவங்க பக்கத்து நியாயத்தையும் பார்க்கணும். கருப்புங்கிற சொல் நம்ம ஊர்ல வசவுச் சொல் கிடையாது. கருப்பசாமி நம்ம காவல் தெய்வம். கருப்பையா, கருப்பாயி, கருப்பாத்தாள்னு பிள்ளைகளுக்கு ஆசையா வச்ச பேருதான். வெள்ளைச்சாமியும் வெள்ளையம்மாளும் பக்கத்துத் தெருவிலயே இருக்காங்க. கிருஷ்ணன்ங்கிற பேருக்கே கருத்தவன்னுதான் பொருள். இன்னும் பின்னால போனா, சங்கப் பாட்டுகள்ல பொண்ணோட அழகைச் சொல்ற சொல் ‘மாமை’. மாந்தளிர் மாதிரி இருக்கிற நிறம். பிரிவுத் துயரத்தில அந்த நிறம் போய் உடம்பு வெளுத்துப் போறதைப் ‘பசலை’ன்னு சொன்னாங்க. அதை ஒரு நோயாத்தான் பாடினாங்க. திருக்குறள்ல 119ஆவது அதிகாரம் முழுக்க இந்தப் பசலை பத்தினதுதான். அதாவது வெளுத்துப் போனா கவலைப்பட்ட காலம் ஒண்ணு இருந்திருக்கு. இன்னைக்கு அந்தப் பசலைக்குத்தான் நம்ம பிள்ளைக காசு கொடுத்து கிரீம் வாங்குதுக!

நிறத்தைச் சொல்லியே ஆக வேண்டிய இடமும் உண்டு. யாராவது காணாமப் போனா போலீஸ் ஸ்டேஷன்ல உயரம், வயசு, கட்டியிருந்த சேலை, நிறம் எல்லாம் கேட்பாங்க. ‘காணவில்லை’ அறிவிப்பில் மாநிறம்னு போடுவாங்க. ஆளைக் கண்டுபிடிக்கத்தானே கேட்கிறாங்க, அதில் யாருக்கும் மனசு வலிக்காது. ஆகவே நிறத்தைச் சொன்னாலே அவமானம்னு நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னா கருப்பாயி அப்பத்தாவை எப்படிக் கூப்பிடுறது?

பிறகு லட்சுமிக்கு ஏன் வலிச்சது? நாம பேசுற வாக்கியத்தைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. “பொண்ணு கருப்பா இருந்தாலும் களையா இருக்கா.” இதைப் பாராட்டுன்னு நினைச்சுத்தான் சொல்றோம். இதில் கருப்புங்கிற சொல்லை விட, பின்னால வர்ற ‘இருந்தாலும்’தான் குத்துது. “செவப்பா இருந்தாலும் களையா இருக்கா”ன்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? குறை இருக்கிற இடத்தில்தான் ‘இருந்தாலும்’ வரும். “அம்மா கலர் வரலையே”, “அப்பனைக் கொண்டு பிறந்திருச்சு”, “சாயந்தரம் கொஞ்சம் பவுடர் போட்டா தெரியாது” - எல்லாம் இதே குடும்பத்துப் பேச்சு. ‘கலர்’னு சொன்னாலே வெளுப்புன்னு அர்த்தமாகிப் போச்சு. “பொண்ணு நல்ல கலரு”ன்னா என்ன கலர்னு யாரும் கேட்கிறதில்லை. கருப்பு ஒரு கலரே இல்லைங்கிற மாதிரி.

இரண்டு லட்சுமிக்கும் நிறத்தை வச்சுத்தானே பேரு, அப்ப சமம்தானேன்னு கேட்டாங்க. சமம் இல்லைங்க. செவத்த லட்சுமிங்கிற பேருக்குள்ள ஒரு மெச்சுதல் இருக்கு. மற்ற பேரோட அவங்க வாழ்நாள்ல கேட்ட அத்தனை பேச்சும் சேர்ந்து வருது. பள்ளிக்கூடத்து நாடகத்தில் ராணி வேசம் கிடைக்காதது, பொண்ணு பார்க்க வந்தவங்க தங்கச்சியைக் கேட்டது, எல்லாம். கூப்பிடுறவங்களுக்கு அது ஒரு அடையாளம். அவங்களுக்கு அது பழைய கணக்கு நோட்டு.

கணக்குன்னு சொன்னதும் ஞாபகம் வருது. நம்ம குழுக்கள்ல எதுக்குக் கடன் வாங்குறோம்? ஆடு, மாடு, தையல் மிசின், கடை, படிப்புச் செலவு, கல்யாணம். அந்தக் கல்யாணக் கடன்ல நிறத்துக்குன்னு ஒரு பங்கு இருக்கு. தீர்மானப் புத்தகத்தில் அதை எழுத மாட்டோம். “பொண்ணு கொஞ்சம் கருப்பு, ரெண்டு பவுன் சேர்த்துப் போட்டுருங்க”ன்னு தரகர் சொல்றது உங்க காதில் விழுந்திருக்கும். ரெண்டு பவுன்னா 16 கிராம். இன்னைக்கு விற்கிற விலைக்கு அதை அடைக்க எத்தனை மாசம் களை எடுக்கணும், எத்தனை நாள் நூறு நாள் வேலைக்குப் போகணும்? வெறும் பேச்சுத்தானேன்னு நினைக்காதீங்க. அந்தப் பேச்சுக்கு வட்டியோட தவணை கட்டிக்கிட்டு இருக்கோம்.

படிச்சவங்களுக்கு, பதவியில இருக்கிறவங்களுக்கு இது வராதுன்னு நினைக்கிறோம். 2025 மார்ச்சில் கேரளாவின் தலைமைச் செயலாளரா இருந்த சாரதா முரளீதரன் ஒரு பதிவு போட்டாங்க. அந்த மாநிலத்து அரசு அதிகாரிகள்ல அதுக்கு மேல பதவியே இல்லை. அவங்களுக்கு முன்னாடி அந்தப் பதவியில் இருந்தது அவங்க கணவர். அவர் காலத்து நிர்வாகம் எவ்வளவு வெள்ளையோ, இவங்க காலத்து நிர்வாகம் அவ்வளவு கருப்புங்கிற மாதிரி ஒருத்தர் சொல்லிட்டார். நான்கு வயசுல, தன்னைத் திரும்ப வயித்துக்குள்ள போட்டு வெள்ளையாப் பெத்துத் தர முடியுமான்னு அம்மாகிட்ட கேட்டதையும் அவங்க அதில் எழுதியிருந்தாங்க. ஐ.ஏ.எஸ். ஆகி ஒரு மாநிலத்தையே நிர்வாகம் பண்ணின பிறகும் அந்த நான்கு வயசுப் பேச்சு மறக்கலை பாருங்க.

கோர்ட்டு என்ன சொல்லுதுன்னு சிலர் கேட்டாங்க. கோர்ட்டும் ஒரே மாதிரி சொல்லலை. 2023இல் கர்நாடக உயர் நீதிமன்றம், கணவனைக் கருப்பன்னு சொல்லிச் சொல்லி மனைவி அவமானப்படுத்தினது கொடுமைதான்னு சொல்லி விவாகரத்துக் கொடுத்தது. 2025இல் பம்பாய் உயர் நீதிமன்றம், மனைவியின் நிறத்தைக் கணவன் குத்திக் காட்டினது குடும்பச் சண்டைதான், தண்டனை கொடுக்கிற அளவு கொடுமை இல்லைன்னு சொன்னது. அதனால சட்டத்தை நம்பி இதை விட்டுட முடியாது. நம்ம வீட்டுத் திண்ணையிலதான் பேசி முடிக்கணும்.

ஒரு விஷயத்தைச் சேர்த்தே சொல்லணும். நிறத்தைப் பேசுற மாதிரி சாதியைப் பேசுறதும் நடக்குது. “இம்புட்டு நிறமா இருக்கே, உங்க ஆளுக மாதிரி தெரியலையே”ன்னு ஒரு பிள்ளைகிட்ட சொன்னா, அது அந்தப் பிள்ளைக்கும் பாராட்டு இல்லை, அதன் சொந்தத்துக்கும் மரியாதை இல்லை. நம்ம குழுக்கள்ல எல்லாத் தெருவும் ஒரே பாயில உட்காருது. அந்தப் பாயில இப்படி ஒரு பேச்சு விழக் கூடாது.

“எங்க ஆத்தா என்னைக் கருவாச்சின்னுதான் கூப்பிடும், அதுவும் தப்பா?”ன்னு ஒரு தங்கச்சி கேட்டுச்சு. தப்பில்லை தாயி. ஆத்தா கூப்பிட்டா நீ திரும்பிச் சண்டை போடலாம், கோவிச்சுக்கிட்டுச் சாப்பிடாம இருக்கலாம், ஆத்தா வந்து கெஞ்சும். வேலை பார்க்கிற இடத்து முதலாளி கூப்பிட்டா அதெல்லாம் பண்ண முடியுமா? மாமியார் கூப்பிட்டா? திருப்பிப் பேச முடியாத இடத்தில் இருக்கிறவங்களைப் பார்த்துச் சொல்றதுதான் சிக்கல்.

இப்ப என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வர்றேன். இதுக்குத்தான் நான் முக்கியமா வந்தேன். நிறத்தைப் பத்தின பேச்சு காதோட நிற்கிறதில்லை, வயித்துக்குள்ளயும் போகுது. கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறோம். வாங்கிட்டுப் போய்த் தலைமாட்டுல வச்சிருவாங்க. ஏன்னு கேட்டா, “மாத்திரை போட்டா பிள்ளை கருப்பாப் பிறக்குமாம் சிஸ்டர், மாமியார் சொன்னாங்க.” அந்த மாத்திரை போட்டா மலம் கருப்பாப் போகும், அது உண்மை. அதைப் பார்த்துட்டுப் பிள்ளையும் கருத்துப் போகும்னு முடிவு பண்ணிட்டாங்க. பிள்ளையின் நிறம் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி வழியா வர்றது. தோல்ல இருக்கிற மெலனின்ங்கிற நிறமிதான் அதைத் தீர்மானிக்குது. மாத்திரைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. குங்குமப்பூவுக்கும் இல்லை. நம்ம மாநிலத்தில் கர்ப்பிணிகள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை இருக்கு. ரத்தம் குறைவா இருக்கிற தாய்க்குப் பிரசவத்தில் உதிரப்போக்கு வந்தா தாங்காது. எடை குறைஞ்ச பிள்ளை பிறக்கும். கருப்புன்னா குறைன்னு நாம பேசிப் பேசி, ஒரு தாய் தன் உசுருக்கு வேண்டிய மாத்திரையைச் சன்னல் வழியா வீசுற அளவுக்கு வந்திருக்கோம். கொஞ்சம் யோசிங்க.

அடுத்து கிரீம். நம்ம நாட்டில் பிரபலமான சிவப்பழகு கிரீம் 1975இல் வந்தது. 2020இல் ‘ஃபேர்’ங்கிற சொல்லைத் தூக்கிட்டு ‘குளோ’ன்னு பேரை மாத்தினாங்க. டப்பாவில பேரு மாறினாலும் ஆசை மாறலை. அதைவிட எனக்குப் பயம் வேற கிரீம்கள் மேலதான். படை, அரிப்புக்குப் போடுற ஸ்டீராய்டு களிம்பை மெடிக்கல்ல வாங்கி முகத்துக்குப் போடுறாங்க. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபீட்டசோல்னு லேபிள்ல இருக்கும். முதல் வாரம் பளிச்சுன்னு தெரியும். போகப் போகத் தோல் மெலிஞ்சு, செவந்து, பரு வந்து, சிலருக்கு முகத்தில் முடி வளரும். நிறுத்தினா எரியும், அதனால திரும்பவும் போடுவாங்க. இந்த மாதிரி களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாதுன்னு 2018லயே மத்திய அரசு உத்தரவு போட்டிருக்கு.

அதைவிட மோசம் பாதரசம். கேரளாவில் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் டாக்டர்கள் கண்டுபிடிச்சு 2023இல் சொன்னாங்க. சிறுநீரகத்தில் புரதம் ஒழுகுற நோயோட வந்தவங்கள்ல பலபேர் சிவப்பழகு கிரீம் போட்டிருந்தாங்க, அந்தக் கிரீம்ல பாதரசம் இருந்தது. முகத்தில் தடவினது தோல் வழியா ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போயிருக்கு. கால் வீங்கும், காலையில முகம் உப்பும், மூத்திரம் நுரைக்கும். தயாரிச்ச கம்பெனி முகவரி இல்லாத, உரிம எண் இல்லாத டப்பாவை வீட்டுக்குள்ளயே விடாதீங்க. பாதரசம் இருக்குன்னு அவன் லேபிள்ல போட மாட்டான்.

சரி, லட்சுமி விஷயம் என்னாச்சுன்னு கேட்பீங்க. கூட்டமைப்பு நிர்வாகிகள் அந்தக் குழுவுக்கே போய் உட்கார்ந்து பேசினாங்க. ஒருத்தரை என்ன சொல்லிக் கூப்பிடணும்ங்கிறதை அந்தப் பேருக்குச் சொந்தக்காரங்கதான் சொல்லணும், கூட்டத்தில் கை தூக்கி முடிவு பண்ற விஷயம் இல்லைன்னு முடிவாச்சு. இப்ப வருகைப் பதிவேட்டில் ‘மேலத்தெரு லட்சுமி’, ‘கிணத்தடி லட்சுமி’ன்னு இருக்கு. செவத்த லட்சுமிக்குத்தான் கொஞ்சம் வருத்தம். பரவாயில்லை, கிணத்தடி நல்ல பேருதான். மேலத்தெரு லட்சுமி விட்டுப்போன இரண்டு மாசச் சந்தாவையும் சேர்த்துக் கட்டிட்டாங்க. இதோ மூணாவது வரிசையில் உட்கார்ந்திருக்காங்க.

வீட்டில பயன்படுத்துற கிரீம், களிம்பு டப்பாவைக் கொண்டு வரச் சொல்லியிருந்தோம். கொண்டு வந்தவங்க சாப்பாட்டுக்குப் பிறகு வாசப்பக்கம் இருக்கிற மேசைக்கு வாங்க, லேபிளைச் சேர்ந்து பார்ப்போம். பெயிண்ட் அடிச்ச மாதிரி டப்பா, எழுத்தே இல்லாத டப்பா இருந்தாலும் வெட்கப்படாம எடுத்துட்டு வாங்க. கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு மாத்திரையும் அந்த மேசையிலயே வச்சிருக்கோம். மாமியாரையும் கூட்டிட்டு வாங்க.